தீவுகளில் வீட்டு ஓதம்: அந்தமான் நிக்கோபார் காட்டும் பாடம்

வீட்டு வசதித் துறையில் நாம் அடைந்த முன்னேற்றத்தை அளக்க, கட்டி முடிக்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கையையே முதலில் கேட்பது வழக்கம். ஐந்தாண்டுத் திட்டங்களின் காலந்தொட்டு ஊறிப்போன வழக்கம் இது. கட்டப்பட்ட வீடு பத்தாண்டுகளுக்குப் பின் எந்நிலையில் இருக்கிறது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடுகள் நல்ல நிலையில் உள்ளவை, வாழத்தக்க நிலையில் உள்ளவை, சிதைந்தவை என மூன்றாகப் பிரிக்கப்பட்டன. கூரை ஒழுகாமலும் சுவர் விழாமலும் இருக்கும் ஒரு வீடு இவற்றுள் முதலாவது வகையில் எளிதாக இடம் பெற்றுவிடும். அவ்வீட்டின் படுக்கையறைச் சுவரில் ஆண்டில் எட்டு மாதம் கரும்பூஞ்சை படர்ந்திருந்தாலும் கணக்கில் அது தெரியாது.

கொத்தனார்கள் இதனை 'ஓதம்' என்பர். சுவர் ஓதம் காக்கிறது, பூச்சு பொருமுகிறது, உப்புப் பூக்கிறது என்று இதன் நிலைகளுக்குத் தனித்தனிச் சொற்கள் நம் கட்டடத் தொழிலில் உண்டு. ஓதத்தின் இயல்பை முழுமையாகக் கற்க விரும்பும் மாணவருக்கும், கட்டடங்களை ஆய்வு செய்யும் பொறுப்புள்ள அலுவலருக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளைவிடப் பொருத்தமான இடம் நம் நாட்டில் அதிகம் இல்லை. பெருநிலப் பகுதியில் தனித்தனியே காணும் காரணங்கள் யாவும் அங்கு ஒரே சுவரில் கூடி நிற்கின்றன.

தீவுகளின் தட்பவெப்பம்

2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப்போல் இது இரு மடங்கு. அளவைவிட அதன் பரவலே முக்கியமானது. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் மழையைத் தொடங்கி வைக்கிறது. அது ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவக்காற்று வந்து சேர்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான சில மாதங்களே ஓரளவு வறண்டவை. வெப்பநிலை ஆண்டு முழுவதும் 23 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரையிலேயே நிற்கிறது. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 75 சதவிகிதத்திற்கு மேல் இருக்கிறது.

இதன் பொருளை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 28 டிகிரி வெப்பமும் 85 சதவிகித ஈரப்பதமும் உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 23 கிராம் நீராவி உண்டு. நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள ஓர் அறையின் காற்றில் மட்டும் 800 கிராமுக்கும் மேற்பட்ட நீர் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிறது என்பதாகும். அக்காற்று 25 டிகிரிக்குச் சற்று மேல் வரை குளிர்ந்தாலே பனிநிலையை எட்டி நீராக மாறத் தொடங்கும். இடைவெளி மூன்றே டிகிரி! குளிர்சாதனப் பெட்டியை 22 டிகிரியில் ஓடவிடும் அறைக்கு அடுத்துள்ள அறையின் சுவரில் நீர் முத்து முத்தாக நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பூஞ்சை வளரச் சுவர் சொட்டச் சொட்ட நனைந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் தவறு. சுவரின் மேற்பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவிகிதத்தைத் தாண்டிச் சில நாள்கள் நீடித்தாலே போதும். வித்துகள் காற்றில் எப்போதும் உள்ளன. உணவாகச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் படிந்த தூசி, வண்ணப்பூச்சின் பசை, ஒட்டுப்பலகை, காகிதம், தோல் ஆகிய எதுவும் உதவும். அஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் ஆகியவை வீடுகளில் பரவலாகக் காணப்படும் இனங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சுக்குழல் தொல்லைகளும் ஆஸ்துமாவும் மிகுவதைச் சுட்டிக்காட்டின. இவ்வளவு பூஞ்சை வரை தீங்கில்லை என்ற எல்லை எதையும் அந்நிறுவனம் வகுக்கவில்லை. ஈரத்தைத் தடுப்பதே வழி என்று கூறியது. வீட்டில் நெடுநேரம் இருப்போர் குழந்தைகளும் முதியோரும் பெண்களுமே ஆதலால் சுமையின் பெரும்பகுதி அவர்கள் மீது விழுகிறது.

உப்பின் பங்கு

தீவுகளின் ஓதத்தைப் பெருநிலத்து ஓதத்திலிருந்து வேறுபடுத்துவது உப்பு. சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் அது காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரைந்துவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதை எல்லா இல்லத்தரசியரும் அறிவர். சுவருக்குள் உப்பு இருந்தால் அச்சுவரும் அந்த ஜாடியைப் போலவே நடந்துகொள்கிறது. ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 75 சதவிகிதத்திற்கு மேலேயே நிற்கும் ஊரில், கூரை ஒழுகாத, குழாய் உடையாத, அஸ்திவாரத்தில் நீர் ஏறாத ஒரு சுவர்கூடத் தானாகவே ஈரமாகும்.

இந்த உப்பு சுவருக்குள் வந்த வழி பெரும்பாலும் மணல். தீவுகளில் ஆற்று மணல் இல்லையென்றே சொல்லலாம். நெடுங்காலம் கடற்கரை மணலையே கட்டுமானத்திற்கு எடுத்தனர். கரையரிப்பையும் ஆமைகள் முட்டையிடும் இடங்களின் அழிவையும் கருதி, சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரையின் பேரில், உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் மணல் எடுப்பதைப் படிப்படியாகக் குறைக்க ஆணையிட்டது. அதன்பின் கல் உடைத்த தூளும் பெருநிலத்திலிருந்து கப்பலில் வரும் மணலும் புழக்கத்தில் மிகுந்தன. சுற்றுச்சூழலுக்காகப் பிறந்த ஓர் ஆணை வீட்டுச் சுவருக்கும் நன்மை செய்தது எனலாம். ஆயினும் அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகள் அவ்வுப்பைச் சுமந்தபடியே நிற்கின்றன.

கடல் மணலை நன்னீரில் கழுவினால் உப்பு நீங்கும் என்பது பாடநூல் விடை. நன்னீர் எங்கே? தலைநகருக்குக் குடிநீர் தரும் தனிக்காரி அணையின் நீர்மட்டம் கோடையில் தாழ்ந்துவிடுகிறது. கட்டுமான வேலை நடைபெறும் வறண்ட மாதங்களும் குடிநீர்த் தட்டுப்பாடு நேரும் மாதங்களும் ஒன்றே. மணலைக் கழுவவும் நீர் போதாது. கான்கிரீட்டை நாள்தோறும் நனைத்துப் பதப்படுத்தவும் போதாது. சரியாகப் பதமாகாத கான்கிரீட்டில் நுண்துளைகள் மிகும். மழை வந்ததும் அத்துளைகள் வழியே நீரும் உப்பும் உள்ளே செல்லும். மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் நீர்ப் பஞ்சத்தால் வீடு ஓதம் காக்கிறது என்பது முரண்போல் தோன்றினும் உண்மை.

உப்பு கம்பியை எட்டும்போது சிக்கல் சுகாதாரத்தைத் தாண்டிப் பாதுகாப்பைத் தொடுகிறது. இரும்பு துருவாக மாறுகையில் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருமன் கூடுகிறது. கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. தீவுகள் முழுவதும் நிலநடுக்க அபாயம் மிக்க ஐந்தாம் மண்டலத்தில் வகைப்படுத்தப்பட்டு வந்தவை என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். இந்தியத் தர நிறுவனத்தின் 456ஆம் எண் விதித்தொகுப்பு (2000) கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் சேர்த்து, அங்குக் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடாக்கும், நீர்-சிமெண்ட் விகிதம் 0.45க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்கிறது. கலவை தளர்வாக ஓடட்டும் என்று ஒரு வாளி நீரைக் கூடுதலாக ஊற்றும் மேஸ்திரி இவ்விதியை ஒரு நொடியில் ரத்து செய்துவிடுகிறார்.

சுவரைப் படித்தல்

வீட்டை ஆய்வு செய்பவர் கறையைக் கண்டதும் 'பூஞ்சை உள்ளது. வெள்ளையடிக்க வேண்டும்' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டிற்குச் செல்வது பொதுவான நடைமுறை. இக்குறிப்பால் எந்தப் பயனும் இல்லை. நீர் எங்கிருந்து வருகிறது என்பதை எழுதாத ஆய்வறிக்கை, நோயைக் குறிக்காமல் காய்ச்சல் என்று மட்டும் எழுதிய மருத்துவச் சீட்டைப் போன்றது.

கறையின் இடமும் வடிவமும் பெரும்பாலும் மூலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை ஏறி, மேல் விளிம்பில் அலைபோன்ற வெண்கோட்டுடன் நிற்பது தரையிலிருந்து ஏறும் ஓதம். பேஸ்மட்டத்தில் ஓதந்தடுப்பு அடுக்கு இல்லை, அல்லது வெளியே மண்ணையோ சிமெண்ட் திண்ணையையோ அவ்வடுக்குக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக இறங்குவது மழைச்சாரல். சன்ஷேடின் அகலமும் அதன் அடி விளிம்பில் நீர்வெட்டுக் கோடு உண்டா என்பதும் பார்க்கப்பட வேண்டும். கூரையடியில் வட்டமாகப் பரவுவது தளக்கசிவு. குளியலறைக்கு மறுபுறச் சுவரில் மழையில்லாக் காலத்திலும் மாறாமல் நிற்பது குழாய்க் கசிவு. அலமாரிக்குப் பின்னும் மூலைகளிலும் மட்டும் புள்ளி புள்ளியாகப் படர்வது, காற்றோட்டமில்லாத இடத்தில் நீராவி படிவதன் அடையாளம். வண்ணப்பூச்சின் கீழ் வெண்மாவு போல் உதிர்ந்தால் உப்பு. பூச்சைச் சுத்தியலின் பிடியால் மெல்லத் தட்ட வேண்டும். பானையைப் போல் ஒலித்தால் பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்துவிட்டது.

ஐயம் எழும் இடங்களில் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. ஒரு முழச் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரின்மேல் விரித்து நான்கு ஓரங்களையும் இடைவெளியின்றி ஒட்டி, ஓரிரு நாள் விட்டுவைக்க வேண்டும். தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து படிந்தது. சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மின்சார ஈரமானியைப் பயன்படுத்துவோர் ஓர் எச்சரிக்கையை மறக்கலாகாது. உப்பும் மின்சாரத்தைக் கடத்தும். ஆகையால் உப்பேறிய சுவரில் அக்கருவி உண்மையைவிட அதிக ஈரத்தைக் காட்டும். விலையுயர்ந்த கருவி வாங்கியதும் கண்ணையும் மூக்கையும் பயன்படுத்துவதை நிறுத்திவிடும் போக்கு நம் அலுவலகங்களில் உண்டு.

மூலத்தைப் பொறுத்தே பரிகாரம் மாறுகிறது. நீராவி படியும் சுவருக்கு வெளிப்புற நீர்க்காப்புப் பூச்சு பயன்படாது. தரையிலிருந்து ஓதம் ஏறும் சுவருக்கு மின்விசிறி பயன்படாது. ஓதம் ஏறும் சுவரில் நீர்புகா எமல்ஷன் வண்ணம் அடிப்பது இன்னும் தீமை தரும். ஆவியாக வெளியேற வழியின்றி ஈரம் மேலும் உயரத்திற்கு ஏறும். இவ்வகையில் பழைய சுண்ணாம்புப் பூச்சு மேலானது. அது ஈரத்தை வெளியேற விடுகிறது. அதன் காரத்தன்மை பூஞ்சையையும் ஓரளவு தடுக்கிறது. ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருப்பதும் சட்டையில் ஒட்டுவதும் அதன் குறைகள். கௌரவம் கருதி அதைக் கைவிட்டோம் என்பதே என் கருத்து.

சன்னலைத் திறந்து வையுங்கள் என்ற அறிவுரையும் ஆய்வுக்கு உரியது. குளிர்நாட்டு நூல்களில் இது பொருந்தும்; அங்கு வெளிக்காற்றில் நீராவி குறைவு. அந்தமானில் மழை நாளிரவில் சன்னலைத் திறந்தால் உள்ளே வருவது இன்னும் ஈரமான காற்றே. அங்குத் திறக்க வேண்டிய நேரம் நண்பகல். வெப்பம் கூடி ஒப்பீட்டு ஈரப்பதம் தாழும் அந்தச் சில மணி நேரத்தில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் பலன் உண்டு. அலுவலகம் செல்லும் குடும்பங்கள் பூட்டி வைப்பதும் அதே நேரத்தில்தான்.

வீட்டின் வடிவம்

நிக்கோபாரி மக்களின் மரபுக் குடிசை தேன்கூடு போன்ற வட்டக் கூரையுடன் உயரமான மரக்கால்கள் மேல் நிற்பது. தரைக்கும் தளத்திற்கும் இடையே காற்று தங்குதடையின்றிச் செல்லும். ஆகவே ஓதம் ஏற வழியில்லை. தளத்தின் இடுக்குகள் வழியே காற்று மேலேறும். தடித்த புற்கூரை பகலில் சூடேறாது. இரவில் குளிர்ந்து நீர் சொட்டாது. உப்பு பிடிக்க இரும்பும் இல்லை, சிமெண்டும் இல்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இவ்வீடுகளைப் பெருமளவில் அழித்துவிட்டது. முதலில் எழுந்தவை துத்தநாகத் தகட்டுக் கொட்டகைகள். பகலில் அடுப்பைப் போலும், விண்ணுக்கு வெப்பத்தை இழக்கும் இரவில் குளிர்ந்து அடிப்புறத்தில் பனி சொட்டியும் அவை மக்களை வாட்டின. பின்னர் ஒன்பதாயிரத்திற்கும் அதிகமான நிரந்தர வீடுகள் கட்டப்பட்டன. நில நடுக்கத்தைத் தாங்கும் உறுதி, கழிப்பறை, மின்சாரம் ஆகிய நன்மைகளை அவை தந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தேவையான பொருள்கள் பெரும்பாலும் கப்பலில் வந்தவை. ஒரு தகடு துருப்பிடித்தால் மாற்றுத் தகடும் கப்பலிலேயே வர வேண்டும். பழுதான குடிசையைத் தன் தோட்டத்து மரத்தாலும் புல்லாலும் சீர்செய்துகொண்ட சமூகம், ஒப்பந்தக்காரருக்காகக் காத்திருக்கும் நிலைக்கு வந்தது. ரப்பர்த் தோட்டத்திற்காக இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய கச்சால் தீவும் அப்பேரழிவுக்குப் பின் இதே கொட்டகைகளைக் கண்டது.

பேரலையைவிடக் குறைவாகப் பேசப்பட்ட மற்றொரு விளைவும் உண்டு. அந்நிலநடுக்கத்தில் தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. தலைநகருக்கு அருகிலுள்ள சிப்பிகாட்டில் வயல்களில் கடல்நீர் புகுந்து நிலையாகத் தங்கியது. நிலம் தாழ்ந்தால் நிலத்தடி உவர்நீர் வீட்டின் அஸ்திவாரத்தை நெருங்குகிறது. 2004க்கு முன் உலர்ந்திருந்த தாழ்நிலச் சுவர் பின்னர் ஓதம் காத்தால், கட்டியவர் மீது பழி போடுமுன் நிலமட்டத்தைப் பார்க்க வேண்டும்.

தீவுகளில் குடியேறிய நம்மவர் பலர் மொட்டை மாடியை விடுவதற்கு மனம் ஒப்புவதில்லை. வடகம் காயவும் கோடை இரவில் படுக்கவும் உதவிய அந்தத் தட்டைத் தளம், எட்டு மாத மழையில் நீர் தேங்கும் தொட்டியாகிவிடுகிறது. சரிவான கூரையும் ஒரு மீட்டர் நீண்ட இறவாணமும் இருந்தால் சுவர் நனைவதே பெரிதும் குறையும். தில்லியின் வறண்ட வெயிலை மனத்தில் கொண்டு வரைந்த மாதிரிப் படங்களைத் தீவுக்கும் அனுப்புவது இதே தவற்றை அரசு செய்வதாகும்.

செலவுக் கணக்கு

ஒரு குடியிருப்பின் ஓதக்கறையை மறைக்க ஆண்டுதோறும் 12,000 ரூபாய் செலவாவதாக எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டுகளுக்கு இச்செலவின் இன்றைய மதிப்பு, 8 சதவிகிதக் கழிவு வீதத்தில், ஏறத்தாழ 1,18,000 ரூபாய். ஓதந்தடுப்பு அடுக்கு செலுத்துதல், உப்பேறிய பூச்சைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசுதல், சன்ஷேடு அகலப்படுத்துதல் ஆகியவற்றுக்கு அத்தொகைக்குக் கீழ் எவ்வளவு செலவாயினும் அது இலாபமே. மருத்துவச் செலவும் இழந்த பள்ளி நாள்களும் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் வெள்ளையடிப்பே தொடர்வது ஏன்? பராமரிப்பும் புதுப்பணியும் வெவ்வேறு கணக்குத் தலைப்புகளில் அடங்குகின்றன. முன்னது ஆண்டுதோறும் சிறு தொகையாக எளிதில் கிடைக்கும். பின்னதற்கு மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல் எனப் படிகள் பல. குடியிருப்பவரோ இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிச் செல்பவர். நிலையான பரிகாரத்திற்காக இரு மாதம் வீட்டைக் காலி செய்து தருவதைவிட, வந்ததும் ஒரு முறை வண்ணம் அடிக்கப்படுவதையே விரும்புவார். பொருளியலில் பயன் ஒருவருக்கும் பொறுப்பு மற்றொருவருக்கும் பிரியும் நிலை என்று இதனைக் கூறுவர். நான் பார்த்த ஒரு குடியிருப்பில் சுரண்டிப் பார்த்தபோது ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு வண்ண அடுக்குகள் இருந்தன. அத்தனைக்கும் கீழே சுவர் ஈரமாகவே இருந்தது. பராமரிப்பு அறவே நின்றால் நேர்வதைக் காண, 1941 நிலநடுக்கத்திற்குப் பின் கைவிடப்பட்ட ராஸ் தீவின் மாளிகைகளைப் பார்க்கலாம். 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என வழங்கும் அங்கு, ஈரச் செங்கற்களின் இடுக்கில் முளைத்த அத்தி இனமரங்களின் வேர்களே இன்று சுவர்களைத் தாங்கி நிற்கின்றன.

நடைமுறையில் உடனே மாற்றக்கூடியது ஆய்வின் காலம். நிதியாண்டு மார்ச்சில் முடிவதாலும், கடல் அமைதியாக இருந்து தீவுகளுக்கிடையே பயணம் எளிதாவதாலும், ஆய்வை ஜனவரி முதல் மார்ச் வரை வைத்துக்கொள்ளும் எண்ணம் எவருக்கும் இயல்பாகவே எழும். அம்மாதங்களில் சுவர் உலர்ந்திருக்கும். பூஞ்சை வெறும் சாம்பல் நிறக் கறையாகத் தோன்றும். ஒழுகும் தளமும் ஒழுகாத தளமும் ஒன்றுபோல் இருக்கும். ஒரு முறையேனும் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில், தொடர்மழையின் நடுவே பார்த்தாலன்றி நீரின் வழி தெரியாது. அம்மழைக்கால ஆய்வின் குறிப்பைக் கொண்டு உலர்காலத்தில் வேலையை முடிக்கலாம். குறிப்பேடு குடியிருப்பவர் பெயரில் இராமல் வீட்டின் எண்ணில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் கறையின் இடம், தரையிலிருந்து அதன் உயரம், கருதப்படும் நீர்மூலம், செய்த வேலை ஆகியவற்றோடு, பார்த்த தேதியும் அதற்கு முந்திய வாரத்தில் பெய்த மழையின் அளவும் எழுதப்பட வேண்டும்.